திறந்த அரசாங்கம் என்று இலங்கை கொடுத்த வாக்கு எவ்வளவு நிறைவேறியது என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: "2015இல் இலங்கை திறந்த அரசாங்கப் பங்குடைமையில் சேர்ந்தது. வெளிப்படைத்தன்மை, மக்கள் பங்கேற்பு என்று மூன்று தேசிய செயற்திட்டங்களும் வந்துவிட்டன. அரசு இத்தனை வீதம் முடிந்தது என்கிறது, சிவில் அமைப்புகளோ ஒன்றும் நடக்கவில்லை என்கின்றன. சாதாரண ஆள் ஒருவர் எதை நம்புவது? நாங்களே பார்க்க வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. ஆனால் அந்த வீதக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தப் பங்குடைமை என்னவென்று சுருக்கமாக. 2011 செப்டெம்பரில் நியூயோர்க்கில் எட்டு நாடுகள் சேர்ந்து தொடங்கியது. அமெரிக்கா, பிரித்தானியா, நோர்வே, பிரேசில், மெக்சிகோ, தென்னாபிரிக்கா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். இந்தியா தொடக்கப் பேச்சுகளில் இருந்துவிட்டு, உறுப்பினராகாமல் விலகிக்கொண்டது. இலங்கை 2015 ஒக்டோபரில், மெக்சிகோவில் நடந்த மாநாட்டின்போது சேர்ந்தது. தெற்காசியாவில் முதல் நாடு நாங்கள்தான். சேர்ந்த நாடு இரண்டு அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு செயற்திட்டம் போட வேண்டும். அதை அரசு தனியே எழுதக்கூடாது, சிவில் அமைப்புகளுடன் உட்கார்ந்து எழுத வேண்டும். அப்புறம், பங்குடைமையின் சுயாதீன மதிப்பீட்டாளர்கள் அதை ஆராய்ந்து அறிக்கை போடுவார்கள். வாக்குத் தவறினால் தண்டப்பணமும் இல்லை, வழக்கும் இல்லை. பெயர் கெடும், அவ்வளவுதான். அதனால்தான் நாட்டுக்குள்ளே யாராவது பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இலங்கையின் செயற்திட்டங்கள் 2016–2018, 2019–2021, 2023–2025 என்று மூன்று. இந்த ஆண்டுகளை நாட்டின் அரசியலோடு சேர்த்துப் பாருங்கள். முதல் திட்டம் முடியும் தறுவாயில், 2018 ஒக்டோபரில், பிரதமர் யார் என்பதே தெரியாத நெருக்கடி வந்தது. இரண்டாவது திட்டம் தொடங்கிய அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி மாறினார், அடுத்த ஆண்டு கொரோனா. மூன்றாவது திட்டம் ரணில் விக்கிரமசிங்கவின் காலத்தில் தொடங்கி, 2024 செப்டெம்பரில் அநுரகுமார திசாநாயக்கவின் கைக்குப் போனது. மூன்று திட்டங்களில் ஒன்றுகூட இரண்டு ஆண்டு அமைதியாக ஓடவில்லை. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர். "அது முந்தைய அரசின் திட்டம்" என்று ஒரு அதிகாரி சொன்னால் அதை ஏற்காதீர்கள். வாக்குக் கொடுத்தது கட்சி அல்ல, இலங்கை அரசு.

சரி, ஒரு வாக்குறுதியை எப்படி வாசிப்பது? முதலில் அதன் வினைச்சொல்லைப் பாருங்கள். "விழிப்புணர்வை மேம்படுத்துதல்", "ஒருங்கிணைப்பை வலுப்படுத்துதல்" என்று எழுதியிருந்தால் அதை யாரும் அளக்க முடியாது. ஒரு பட்டறை நடத்திப் படம் எடுத்தாலே முடிந்தது என்று சொல்லிவிடலாம். "இன்ன திணைக்களம் இன்ன திகதிக்குள் இன்ன ஆவணத்தை வெளியிடும்" என்று இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும். சுயாதீன மதிப்பீட்டாளர்களும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார்கள். சரிபார்க்கக்கூடிய விதத்தில் எழுதியிருக்கிறதா? தகவல், பங்கேற்பு, பொறுப்புக்கூறல் ஆகியவற்றில் எதையாவது தொடுகிறதா? முழுக்கச் செய்து முடித்தாலும் என்ன மாறும்?

அதற்குப் பிறகு அவர்கள் செய்கிற ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். எவ்வளவு முடிந்தது என்பதை ஒரு அளவிலும், அரசு எவ்வளவு திறந்தது என்பதை வேறொரு அளவிலும் போடுவார்கள். இரண்டையும் கலக்க மாட்டார்கள். முதலாவதில் தொடங்கவில்லை, கொஞ்சம், பெருமளவு, முழுமை என்ற படிகள். இரண்டாவதில், பழைய முறைப்படி, ஐந்து படிகள் இருந்தன. அதில் அடிப்படி "முன்பைவிட மோசமானது". ஒரு வாக்குறுதி நூறு வீதம் முடிந்து, திறப்பில் "மாற்றமில்லை" என்று வரலாம். இணையத்தளம் ஒன்று கட்டியாயிற்று, அதில் பழைய சுற்றறிக்கைகள்தான் கிடக்கின்றன என்றால் அப்படித்தான் வரும். அரசு சொல்லும் வீதமும் அமைப்புகள் சொல்லும் குறையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். அரசு முதல் அளவைச் சொல்கிறது. அமைப்புகள் இரண்டாவதைச் சொல்கின்றன. உங்கள் கொப்பியிலும் இரண்டு நிரல் போடுங்கள்.

இதற்கு நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் தகவலறியும் உரிமைச் சட்டம். 2015இல் வந்த 19ஆம் திருத்தம் அரசியலமைப்பில் 14அ உறுப்புரையைச் சேர்த்து, தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கியது. 2016 ஜூனில் நாடாளுமன்றம் 12ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. உலக நாடுகளின் தகவல் சட்டங்களை ஒப்பிட்டுப் புள்ளி போடும் தரவரிசையில் அது 150க்கு 131 பெற்று முன்வரிசையில் உட்கார்ந்தது. முதல் நிரலில் "முழுமை" என்று எழுதத் தடையே இல்லை. எழுதவும் வேண்டும், அது பெரிய சாதனை.

இரண்டாவது நிரலுக்கு வருவோம். 2018இல் ஒரு பத்திரிகையாளர், நாடாளுமன்ற உறுப்பினர்களில் யார் யார் சொத்துப் பிரகடனம் கொடுத்தார்கள் என்ற பெயர்ப்பட்டியலைக் கேட்டார். கவனியுங்கள், சொத்து எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. படிவம் கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டும்தான். நாடாளுமன்றம் மறுத்தது. விடயம் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போனது. கொடுக்கச் சொல்லி ஆணைக்குழு 2021இல் கட்டளையிட்டது. நாடாளுமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2023 பெப்ரவரியில் நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கம் நின்றது. சட்டத்தை நிறைவேற்றிய அதே சபைதான், அந்தச் சட்டப்படி ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுக்காமல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நின்றது.

இந்தக் கதை கசப்போடு முடியவில்லை என்பதும் முக்கியம். சொத்துப் பிரகடனம் பற்றிய 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசித்திரமான ஒரு பூட்டு இருந்தது. கட்டணம் கட்டி ஒருவருடைய பிரகடனத்தின் பிரதியை நீங்கள் பெறலாம். ஆனால் அதில் இருப்பதை இன்னொருவருக்குச் சொன்னால் குற்றம். 2023இல் வந்த 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தையே நீக்கியது. பிரகடனங்களை இலத்திரனியல் முறையில் வாங்கி, தனிப்பட்ட விபரங்களை மறைத்து, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றது. இன்று அமைச்சர்களின் பிரகடனங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே வாசிக்கலாம். 2017இலேயே கணக்கை முடித்து "சட்டம் வந்துவிட்டது, வெற்றி" என்று எழுதியிருந்தாலும் பிழை, 2019இல் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதியிருந்தாலும் பிழை. சீர்திருத்தம் ஒன்றைக் குறைந்தது ஐந்து ஆறு ஆண்டுகள் பின்தொடராமல் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது என் கருத்து.

தகவல் சட்டத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. விண்ணப்பம் போட்டுக் கேட்பது பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டியவற்றை 8ஆம், 9ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஒவ்வோர் அமைச்சரும் தன் அமைச்சின் பணிகள், செலவுகள் பற்றி ஆண்டுக்கு இரு தடவை அறிக்கை வெளியிட வேண்டும். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம், வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே விபரம் தெரியப்படுத்த வேண்டும். 5 இலட்சம் என்பது இன்றைய விலைவாசியில் எவ்வளவு சிறிய தொகை! உங்கள் ஊர் ஒழுங்கைக்குப் போடும் கொங்கிறீட்டே அதைத் தாண்டிவிடும். ஆகவே உங்கள் ஊரில் அண்மையில் நடந்த ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதன் விபரம் முன்கூட்டியே எங்கேயாவது வெளியானதா என்று தேடிப் பாருங்கள். நாடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அரை மணி நேரத்தில் ஓரளவு விளங்கிவிடும்.

தேடும்போது தமிழில் தேடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். சிங்களமும் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிகள். ஆனாலும் அரச இணையத்தளம் ஒன்றில் "தமிழ்" என்ற பொத்தானை அழுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைப்புகள் தமிழில் இருக்கும், உள்ளே போனால் ஆவணம் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கும், சில இடங்களில் வெறும் பக்கம். எங்கள் ஊரில் ஒரு அம்மாவுக்குத் தன் காணி தொடர்பாகத் தமிழில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தவணை தவறாமல் பதில் வந்தது. முழுக்கச் சிங்களத்தில். அதை வாசிக்க ஆள் தேடி இன்னும் ஒரு வாரம் போனது. அந்தக் கந்தோரின் ஆண்டறிக்கையில் அது "உரிய காலத்தில் பதிலளிக்கப்பட்ட விண்ணப்பம்" என்ற எண்ணிக்கைக்குள் போயிருக்கும். அந்த அம்மாவுக்கோ கதவு திறக்கவில்லை. வீதக் கணக்கில் எனக்கு நம்பிக்கை குறைந்தது அன்றைக்குத்தான்.

மக்கள் பங்கேற்புக்கு வருகிறேன். இதை அளப்பது தகவலை அளப்பதைவிடக் கடினம். தகவல் கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். பங்கேற்பில் ஏணிப்படிகள் போலப் பல நிலைகள் உண்டு. மக்களுக்குச் சொல்லிவிட்டுப் போவது அடிப்படி. கருத்துக் கேட்பது அடுத்தது. சொன்ன கருத்தில் எதை எடுத்தோம், எதை ஏன் எடுக்கவில்லை என்று திரும்பி வந்து சொல்வது அதற்கு மேல். சேர்ந்து முடிவெடுப்பது இன்னும் மேல். நம் நாட்டில் முதல் இரண்டு படியோடு ஏணி முடிந்துவிடுகிறது.

போருக்குப் பிந்தைய நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கேட்க 2016இல் அரசு நியமித்த கலந்தாலோசனைச் செயலணியை நினைத்துப் பாருங்கள். மனோரி முத்தெட்டுவகமவின் தலைமையில் 11 பேர் கொண்ட குழு. சிவில் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்தான் அதில் இருந்தார்கள். மாவட்டம் மாவட்டமாக வலயக் குழுக்கள் போய், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், காணி இழந்தோர், படையினரின் குடும்பங்கள் என்று எல்லாத் தரப்பையும் கேட்டன. 7,300க்கு மேற்பட்ட சமர்ப்பணங்கள் வந்தன. கருத்துக் கேட்பது என்ற அளவில் இந்த நாட்டில் அதற்கு ஈடாக நடந்தவை மிகச் சில. மூன்று மொழியினரும் பேசினார்கள், அழுதுகொண்டே பேசினார்கள். 2017 ஜனவரி 3ஆம் திகதி அறிக்கை கையளிக்கப்பட்டது. அதை வாங்க ஜனாதிபதியோ பிரதமரோ வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கதான் வாங்கினார். முக்கியப் பரிந்துரைகளில் ஒன்றான, போர்க்கால மீறல்களை விசாரிக்க வெளிநாட்டு நீதிபதிகளும் அமரும் கலப்பு நீதிமன்றம் இன்றுவரை இல்லை. அரசு அதை ஏற்காமல் விடலாம், அது அரசியல் முடிவு. ஆனால் அந்த 7,300 பேருக்கும் "நீங்கள் சொன்னதில் இதை எடுத்தோம், இதை இந்தக் காரணத்தால் எடுக்கவில்லை" என்று பதில் சொல்ல ஒரு அரசுக்குக் கடமை இருக்கிறது. அந்தப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கருத்தறியும் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அந்தத் தாய்மார் "எத்தனை தரம் சொல்வது?" என்று கேட்பதில் என்ன பிழை?

ஆகவே ஒரு கலந்தாலோசனை நடந்தது என்று அரசு சொன்னால், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். வரைவு எத்தனை நாள் முன்பு கையில் கிடைத்தது, தமிழில் கிடைத்ததா, முடிந்த பிறகு பதில் வந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்ற விடை எனக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

செயற்திட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் படாமல் போகிற ஒன்றும் உண்டு. திட்டத்துக்கு வெளியே கதவுகள் மூடப்படுவது. 2020 ஒக்டோபரில் 20ஆம் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவையும் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் அரசியலமைப்பிலிருந்து தூக்கிவிட்டது. அரசு எதை யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறது என்பதைக் கண்காணிக்கும் சுயாதீன அமைப்பு இல்லாமல் போனது. அந்த நேரத்தில் இரண்டாவது செயற்திட்டம் நடைமுறையில்தான் இருந்தது. 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது, அதுவும் காலிமுகத்திடலில் மக்கள் மாதக்கணக்கில் நின்ற பிறகு. 2024 ஜனவரியில், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அந்தச் சட்டமூலத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன, பல வாசகங்களைத் திருத்தச் சொல்லி நீதிமன்றமும் கூறியது. அந்தத் திருத்தங்கள் எல்லாம் சரியாகச் சேர்க்கப்படவில்லை என்ற முறைப்பாடு இன்றும் இருக்கிறது. இங்கே இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இலங்கையில் ஒரு சட்டமூலத்தை அது நிறைவேறும் முன்புதான் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் தொட முடியாது. அப்படியான நாட்டில், சட்டமூலம் வர்த்தமானியில் வந்ததிலிருந்து விவாதத்துக்கு வரும்வரை உள்ள நாட்களின் எண்ணிக்கையே மக்கள் பங்கேற்பின் அளவு. அதையும் எழுதி வையுங்கள்.

2023க்குப் பிறகு இன்னொரு பட்டியலும் வந்திருக்கிறது. மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் அளவான கடனுதவி அங்கீகரிக்கப்பட்டது. செப்டெம்பர் கடைசியில் அந்த நிதியம் இலங்கையின் ஆட்சிமுறை பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஆசியாவில் அப்படி ஒன்று வந்தது அதுவே முதல் தடவை. அதன் பரிந்துரைகள் எல்லாம் நான் மேலே சொன்ன "பிடிமானம்" உள்ள வகை. 100 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தங்கள் யாருக்குக் கிடைத்தன, எந்த நிறுவனங்கள் வரிவிலக்குப் பெற்றன, சொகுசு வாகன இறக்குமதியில் யாருக்கு விலக்கு என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இணையத்தில் போட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் அந்தக் கடன் திட்டத்தின் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, எது நிறைவேறியது, எது இல்லை, எது பற்றித் தகவலே இல்லை என்று இணையத்தில் காட்டி வந்தது. "தகவலே இல்லை" என்று தனியே ஒரு வகை வைத்தது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. நிறைவேறியதா என்று தெரிய வழியில்லை என்றால் அதுவே ஒரு விடைதான்.

நம் சொந்த மக்களுடன் உட்கார்ந்து எழுதிய திட்டத்தைவிட, கடன் கொடுத்தவரின் பட்டியல் வேகமாக நகர்வது எனக்கு வருத்தம் தருகிறது. கடன் தவணை அதில் தொங்குவதால் அதிகாரிகள் ஓடுகிறார்கள். ஆனாலும் வெளியாகும் பட்டியல்கள் நம் பணத்தைப் பற்றியவை, ஆகவே எடுத்துப் பயன்படுத்துங்கள். அதே நேரம் அந்தப் பட்டியலில் இல்லாதவற்றை மறந்துவிடாதீர்கள். காணி விடயமும் காணாமல் ஆக்கப்பட்டோர் விடயமும் தமிழில் பதில் கிடைப்பதும் அந்தக் கடன் தவணையோடு கட்டப்படவில்லை. அவற்றை நாங்கள்தான் கேட்க வேண்டும்.

சரி, நாளைக்கே தொடங்க என்ன செய்யலாம்? முழுச் செயற்திட்டத்தையும் கண்காணிக்கப் போகாதீர்கள், இரண்டு மாதத்தில் களைத்துவிடுவீர்கள். உங்கள் வாழ்க்கையைத் தொடுகிற ஒரே ஒரு வாக்குறுதியை எடுங்கள். அதற்குப் பொறுப்பான நிறுவனம் எது, கொடுத்த திகதி எது என்று எழுதுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். "இந்த வாக்குறுதியின் கீழ் இதுவரை எடுத்த நடவடிக்கைகளின் ஆவணப் பிரதிகள், செலவிட்ட தொகை" என்று இரண்டே வரி போதும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை, குறிப்பிட்ட படிவம்தான் வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவும் முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று இருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. பலர் முதல் மௌனத்தோடு விட்டுவிடுகிறார்கள். மேன்முறையீட்டுக்கான அந்த 14 நாள் கழிந்தால் கோவை மூடப்பட்டது போலத்தான். ஆகவே விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியின் பின்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். எந்தத் திகதியில் தவணை முடிகிறது என்பதை அன்றைக்கே நாட்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள்.